மூச்சு வாங்காத ஜெபம்

கிளமெண்டுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, அந்தமானின் வண்டூர் ஜெட்டியில் எந்தப் படகு இருமினாலும் சத்தத்தை வைத்தே எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். இன்னொன்று, மாதா திருவிழாவில் சப்பரத்தின் வலப்பக்க முன்தண்டு பதினேழு வருஷமாக அவர் தோளில்தான். போன வருஷம் அந்த இரண்டாவது கர்வத்துக்குப் பங்கம் வந்துவிட்டது. ஐஸ் கம்பெனி மேட்டில் மூச்சிரைத்து, கண் இருட்டி, தோளை எடுத்துவிட்டார். சட்டென்று உள்ளே புகுந்து தாங்கியவன் டெர்வின், அவர் மனைவி கிரேசியின் தம்பி. தாங்கியதோடு விட்டானா? ஜெட்டி முழுக்கச் சொல்லித் தீர்த்தான்.

இந்த வருஷம் பங்குப் பேரவை கறாராகச் சொல்லிவிட்டது. சப்பரம் கோயில் வாசலுக்கு வருமுன் தோளை எடுப்பவர் இனிமேல் தண்டைத் தொட வேண்டாம். இடப்பக்க முன்தண்டு இந்தத் தடவை டெர்வினுக்கு. திருவிழாவுக்கு ஏழு வாரம் இருந்தது. எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தே வளர்த்த தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, கிளமெண்ட் போனில் ஒரு உடற்பயிற்சி வீடியோவைத் தேடிப் பிடித்தார்.

வீடியோக்காரன் குந்தி எழச் சொன்னான். இவரும் குந்தினார், எழுந்தார். நாற்பதாவது தடவை அவன் பாதி குந்தியிருந்தபோது நெட் நின்றுபோனது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் எழவில்லை, ஆகவே இவரும் எழவில்லை. தொடை நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, ‘இவனல்லவா பயில்வான்!’ என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே அப்படியே இருந்தார். மீன் கழுவி முடித்து வந்த கிரேசி போனைப் பிடுங்கிய பிறகுதான் விடுதலை கிடைத்தது.

மறுநாள் ஞாயிறு. பூசையில் எல்லோரோடும் முழங்காலிட்டார். எல்லோரும் எழுந்தார்கள், அவரால் முடியவில்லை. பூசை முடிந்து, அறிவிப்பு முடிந்து, கோயிலே காலியான பிறகும் முழங்காலில்தான் இருந்தார். பங்குச்சாமியார் அந்த பக்தியில் நெகிழ்ந்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். கிரேசியும் டெர்வினும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

“என்ன மச்சான், சப்பரத்தோட உங்களயும் சேத்துத் தூக்கணுமோ?” என்றான் டெர்வின்.

கிளமெண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. தொடைவலி பாதிதான் காரணம்.

கிரேசிக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நட என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னதைக் கேட்டு, தினமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடக்கிறவள். முதலில் கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்ப் பிரஷரும் நெஞ்சும் பார்க்கவைத்தாள். தொடைவலி அடங்கியதும் அவர் கையில் ஒரு ஜெபமாலையைத் திணித்தாள்.

“ஒரு ஜெபம் முழுசா வரணும். நடுவுல மூச்சு வாங்குச்சுன்னா வேகம் ஜாஸ்தி, கொறைக்கணும். ஆராம்சே, மெதுவாப் போவோம்.”

“இப்பிடி நடந்தா எப்பம் பலம் ஏறும்?”

“ஒரே நாள்ல ஏத்துனீங்களே, எங்க ஏறுச்சு? முட்டிக்கால்லதான நின்னீங்க!”

முதல் நாள், ஜெபத்தின் தொடக்கத்திலேயே வரும் ‘கர்த்தர் உம்முடனே’ வரைக்கும்கூட மூச்சு வரவில்லை. ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். கிளமெண்ட் அவமானத்தை விழுங்கிக்கொண்டு நடந்தார். இரண்டு வாரத்தில் ஜெபம் முழுதாக வந்தது. பிறகு தோளில் சாக்கு ஏறியது. அதில் பத்துத் தேங்காய், வாரத்துக்கு இரண்டு கூடும். முந்தின நாள் வலி மிச்சமிருந்தால் அன்று கூட்டுவதில்லை. ஞாயிறு முழு ஓய்வு. ஆறாவது வாரம் ஐஸ் கம்பெனி மேட்டில் ஒரு ஜெபமும் அறுபடவில்லை. டெர்வினோ போர்ட் பிளேயர் ஜிம்மில், திருவிழாவுக்கு முந்தின நாள்வரை, ஒரு நாள் விடாமல் இரும்பு தூக்கிக்கொண்டிருந்தான்.

திருவிழா அன்று சப்பரம் மேட்டில் ஏறியது. ஊரே ஜெபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் வந்தது. கிளமெண்டுக்கு ஜெபம் தடையில்லாமல் வந்தது. பாதி மேட்டில்தான் கவனித்தார், இடப்பக்கம் ஜெபமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார். டெர்வினின் உதடு வெளுத்திருந்தது, முழங்கால் ஆடியது.

இன்னும் பத்தடி. அவ்வளவுதான். அவன் தோளை எடுப்பான், ஒரு வருஷம் ஜெட்டியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். மாதாவிடம் கிளமெண்ட் ரகசியமாக வேண்டிக்கொண்டதே இதைத்தான். ஆனால் கண் இருட்டுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை.

“நிறுத்துங்க! மாதாவுக்கு மாலை சரியுது!”

சப்பரத்தைத் தாங்குகட்டைகளில் இறக்கினார்கள். எல்லோரும் ஒன்றாக இறக்கியதால் யாரும் தோற்கவில்லை. டெர்வின் ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை மெல்லக் குடித்தான். கிரேசி மாலையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். நேராக இருந்த மாலையை, அவனுக்கு முகத்தில் ரத்தம் ஊறும்வரை, பொறுமையாக நேராக்கினாள். மேடு தாண்டியதும் சமதரைதான். கோயில் வாசல்வரை இரண்டு முன்தண்டிலும் தோள் மாறவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடிகாலையில், வீட்டு கேட் பக்கத்தில் டெர்வின் நின்றான். கையில் ஜெபமாலை. ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த கிண்டல் அத்தனையும் கிளமெண்டின் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் டெர்வின் குனிந்து தேங்காய்ச் சாக்கைத் தூக்கப் போனான்.

கிளமெண்ட் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“வைல அத! மொதல்ல ஜெபம் வரட்டும்.”