சாப்பிட்டாச்சு என்றால் கழன்றுவிடும் வில்லை

வாயின் ஈரச் சதையில் ஒட்டும் பசை வில்லையை ஆய்வகத்தில் நாங்கள் செய்து முடித்த பிறகு அதில் ஒரே ஒரு குறைதான் மிஞ்சியது. சாப்பிடாதவர் "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால் கழன்று விழுந்துவிடும். மற்றபடி எச்சில், சூடு, புளிப்பு எல்லாவற்றையும் தாங்கும். பன்றிக் கன்னத்தில் ஒன்பது நாள் அசையாமல் இருந்தது. பன்றியிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

முதல் நோயாளி அமலோற்பவம் டீச்சர். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு போட்டவர். கன்னத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் வாய்க்குள் பெரிய புண். ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. வில்லை ஆறு மணி நேரம் புண்ணை மூடியிருந்தால் விழுங்க முடியும். திங்கட்கிழமைக்குள் எதையாவது விழுங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். குழாய் என்றாலே டீச்சர் மூக்கைப் பொத்திக்கொள்வார். எனக்கு அவர் மேல் அப்போதே பாசம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் வில்லையை ஒட்டினேன். மாலையில் பார்க்க வந்தவர்கள் பதினாலு பேர். பதினாலு பேரும் கேட்டார்கள். முதல் ஆளுக்குப் பதில் சொன்னபோதே வில்லை டம்ளருக்குள் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை வேறு வில்லை ஒட்டி, கட்டிலுக்கு மேலே ஒரு போர்டும் மாட்டினோம்: 'சாப்பிட்டீர்களா என்று கேட்கக் கூடாது.' வந்தவர்கள் நின்று நிதானமாகப் படித்தார்கள். "போர்டு கெடக்கட்டும் டீச்சர், சாப்ட்டீங்களா?" என்றார்கள். டீச்சர் "ஆச்சு" என்றார். பிறகு வில்லையைத் துப்பினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லன்னு சொன்னா என்ன டீச்சர்?"

"அப்படிச் சொன்னா, அவங்க வீட்டுக்குப் போயி எப்படித் தம்பி சாப்பிடுவாங்க?"

அதற்கு எங்கள் ஆய்வகத்தில் ரசாயனம் இல்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குக் கையிலிருந்த கடைசி வில்லையை ஒட்டினேன். நாலு மணிக்கு டீச்சருடைய தம்பி மனைவி ரோசம்மாள் வந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "சாப்ட்டீங்களா மதினி?" என்றாள்.

டீச்சர் வாயைத் திறந்தார். வில்லையின் ஓரம் எழும்பத் தொடங்கியதைப் பார்த்தேன். அவர் ரோசம்மாளின் கையைப் பிடித்தார்.

"இல்ல ரோசம்மா. ஒரு மாசமா இல்ல. பசிக்குதும்மா."

வில்லை மறுபடி படிந்துகொண்டது. ரோசம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க படுத்ததுலேருந்து நானும் ஒழுங்காச் சாப்பிடல மதினி. கேக்கவங்ககிட்டயெல்லாம் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிட்டுத் திரியுதேன்."

ஆறு மணிக்கு இருவரும் ஒரே கிண்ணத்தில் குழைந்த ரசஞ்சோறு சாப்பிட்டார்கள். டீச்சர் நாலு கரண்டி விழுங்கினார், ஐந்தாவதைக் கேட்டு வாங்கினார். நான் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, நோயில் டீச்சரை விட்டுப் போயிருந்த பதினோரு கிலோ எடை, புறநோயாளிகள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததாகச் சொன்னது. எந்த வார்டு என்று கேட்டது. கட்டில் பழசு, ஒரேயடியாக ஏற வேண்டாம், வாரத்துக்கு ஒரு கிலோவாக ஏறினால் போதும் என்று சொல்லி, பதினோரு டோக்கன் போட்டுக் கொடுத்தேன்.