மூலை வரை போகும் துத்தநாகம்

சயனைடு இல்லாமலே துத்தநாகம் பூசலாம் என்று இளவேனில் சொன்ன நாளிலிருந்து அந்த ஷெட்டில் இரண்டு கட்சி. ஒன்றில் இளவேனில் மட்டும். இன்னொன்றில் அவள் நாத்தனார் திலகவதியும், திலகவதிக்குத் தலையாட்டும் எல்லோரும். நடுவில் அருண்ராஜ். ஒருத்திக்குத் தம்பி, இன்னொருத்திக்குப் புருஷன்.

மந்தாரக்குப்பம் ரோட்டில் இருந்த அந்தப் பிளேட்டிங் ஷெட்டுக்கு ஒரே பெரிய வாடிக்கை, நிலக்கரி மைன்ஸ் கன்வேயர்களுக்கு இரும்புத் தாங்கி செய்து கொடுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிதான். தாங்கி துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் துத்தநாகம் பூசுவது இவர்கள் வேலை. சயனைடு சொல்யூஷனில் பூசிய சரக்கை இனி வாங்க மாட்டோம், புதுச் சொல்யூஷனில் மாதிரி காட்டுங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மாதிரியைப் பார்க்க நாளைக் காலை கம்பெனியிலிருந்து அசோக்குமார் வருகிறார். தேறாவிட்டால் ஆர்டர் கை மாறிவிடும். ஷெட்டைப் பூட்டிவிட்டு, அருண்ராஜ் ஓசூரில் நண்பன் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். தை மாதம் கல்யாணம் ஆனவன். தலைதீபாவளிகூட இன்னும் வரவில்லை.

இளவேனில் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் பர்மனென்ட் ஆனவர். அவள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. புதுச் சொல்யூஷனைத் தேர்ந்தெடுக்க அவள் செய்ததை நினைத்தால் அருண்ராஜுக்கு இப்போதும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும். அமிலச் சொல்யூஷனில் போட்ட தாங்கி கண்ணாடி மாதிரி பளபளத்தது. காரச் சொல்யூஷனில் போட்டது கொஞ்சம் மங்கல்தான். "இதிலென்ன யோசனை, பளபளக்கிறதை எடு" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், அவள் புடவையைச் செருகிக்கொண்டு ரம்பத்தை எடுத்து இரண்டையும் குறுக்கே அறுத்துவிட்டாள்.

"மூலையைப் பாருங்க. பளபளக்கிறது உள்ள போகவே இல்ல. ஈரக் கரி போய்த் தேங்குற இடம் எது? இந்த மூலைதானே? மங்கலா இருக்கிறது மூலை வரைக்கும் போயிருக்கு. எனக்கு இதுதான் வேணும்."

அறுத்த இரும்பைப் பிடித்தபடி வியர்வையோடு நின்ற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், மூலையைப் பார்க்கவே அவன் மறந்துபோனான்.

அதெல்லாம் போன வாரம். இன்று காலை, காரச் சொல்யூஷனில் பூசிய புதுத் தாங்கிகளைச் சுத்தியால் லேசாகத் தட்டியதும் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி, செதில் செதிலாகக் கொட்டியது.

"பாத்துக்கோ! படிச்சு படிச்சு சொன்னேன்" என்றாள் திலகவதி. "பழைய தொட்டி ஒரு நாளாவது இப்படி மானத்த வாங்கிச்சா? பளபளப்பும் இல்ல, ஒட்டவும் இல்ல. சும்மா மூல மூலன்னு பேசிக்கினு."

இளவேனில் ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு உதவி. இதே லோடுல வந்த தாங்கியை உங்க பழைய சயனைடு தொட்டியில போட்டுப் பாருங்களேன்."

"போட்டா?"

"அது நல்லா ஒட்டிச்சுன்னா நான் தேர்ந்தெடுத்தது தப்பு. அசோக்குமார் சார்கிட்ட நானே சொல்லிடறேன்."

அருண்ராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். தன் தோல்வியைத் தானே மேசைமேல் எடுத்து வைக்கிறாளே! திலகவதிக்கோ கை கொள்ளாத சந்தோஷம். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அவளே இறக்கினாள், அவளே எடுத்தாள், அவளே தட்டினாள்.

கொட்டியது.

திலகவதி இன்னொரு தடவை தட்டினாள். இன்னும் கொட்டியது.

"அப்போ சொல்யூஷன் இல்ல" என்றாள் இளவேனில் மெதுவாக. "இரும்புலதான் என்னமோ இருக்கு. போன வாரம் நான் அறுத்தது பழைய சரக்கு. புது லோடுல ஒண்ணை முதல்லயே போட்டுப் பார்த்திருக்கணும். அது என் தப்பு."

சொல்லிக்கொண்டே விரல்களைச் சொறிந்தாள். அருண்ராஜ் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, தோல் சிறு சிறு கொப்புளமாக எழும்பியிருந்தது.

"முந்திரிக்கொட்ட உடைச்சியா?"

"நான் எங்க உடைச்சேன்? நேத்து பூரா இந்தத் தாங்கியைத்தான் கம்பியில கட்டினேன்."

"வெறுங்கையாலயா? எங்களுக்கு மட்டும் கையுறை சட்டம் போட்டியே தாயி!" என்றாள் திலகவதி. ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தப் புண்ணைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் தோல் அப்படித்தான் வெந்துபோகும்.

அருண்ராஜ் பண்ருட்டிக்குப் போன் போட்டான். கம்பெனிக்காகத் தாங்கி வெல்டிங் செய்து இங்கே அனுப்பும் செங்குட்டுவன் பெருமையாகவே சொன்னார்: "ஆமாம்பா, மழையில துருப்பிடிச்சிடப் போவுதுன்னு கொட்ட எண்ண தடவித்தான் அனுப்பினேன். உனக்கு நல்லதுதான பண்ணேன்?"

காய்ந்தால் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும் எண்ணெய் அது. வழக்கமாகக் கழுவும் காஸ்டிக் சோடா அதை அசைத்திருக்காது; அதன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது.

அதற்குப் பிறகு இளவேனில் நின்று அருண்ராஜ் பார்க்கவில்லை. கையுறையோடுதான், தின்னரில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கொதிக்கும் காஸ்டிக்கில் போட்டு எடுத்தாள். கழுவிய ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, மறுபடி தேய். மெல்லிய படலமாக ஓடி நின்றால் சுத்தம்.

"இது திரளுது, திருப்பிக் குடு" என்று சாயங்காலத்துக்குள் திலகவதியே சொல்ல ஆரம்பித்திருந்தாள். "என்ன பாக்குற? கண்ணு தெரியுதில்ல எனக்கு."

சுத்தமானதையெல்லாம் ராத்திரியே காரச் சொல்யூஷனில் பூசி முடித்தார்கள். மறுநாள் காலை அசோக்குமார் வந்தார். தாங்கியைப் பட்டறை இடுக்கியில் மாட்டி வளைத்தார், சுத்தியால் அடித்தார், கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறினார். ஒரு செதில்கூட எழவில்லை. பிறகு பூச்சின் கனம் பார்க்கும் கருவியை உள்மூலையில் வைத்தார். அது காட்டிய அளவைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை வைத்தார்.

"மூலையிலயும் இவ்வளவு இருக்கே? யாருங்க இந்தச் சொல்யூஷனைத் தேர்ந்தெடுத்தது?"

அருண்ராஜ் வாய் திறப்பதற்குள், "எங்க வூட்டுப் பொண்ணுதாங்க" என்றாள் திலகவதி. "பழைய பெரிய தொட்டிய எப்போ மாத்தறதுன்னு அவளையே கேளுங்க."

"பழைய சயனைடை முறிச்ச பிறகுதான் அண்ணி. அதை அப்படியே வெளியே விடக் கூடாது" என்றாள் இளவேனில். கட்டுப்போட்ட விரலால் அடுத்த தாங்கியை எடுத்து நீட்டினாள். "சார், இதையும் பார்த்துடுங்க. எல்லாத்தையும் பாருங்க."

அருண்ராஜ் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"என்னடா, எப்போ வர்ற?" என்றான் ஓசூர் நண்பன்.

"வரலடா. இங்கேயே நிறைய வேல கெடக்குது."

"வேலயா, பொண்டாட்டியா?"

உள்ளே அவள் சத்தம் போட்டு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று சொல்லிவிட்டு அருண்ராஜ் உள்ளே ஓடினான்.