குத்தகைக்கு விடாத பூ

மார்கழி பிறந்த வாரத்தில் முதலமடைக் கமலாத்தாளின் இரு தோள்களிலும் மாம்பூ பூத்தது. அந்த ஆண்டு தோப்புகளில் பூ சற்றுக் குறைவு. அவள் தோள்களிலோ தோல் தெரியாத அளவுக்கு அடர்ந்திருந்தது. கணவனை இழந்து நெடுங்காலமானவள், பிள்ளையில்லாதவள், தன் பங்குக்கு வந்த தோப்பைத் தானே பார்த்துக்கொள்பவள் என்பவை தவிர, அவளைப் பற்றி ஊர் சொல்லும் செய்தி அதுவரை எதுவும் இல்லை. குளிக்கும்போது ஊற்றிய நீர் வழியாமல் தோளில் தேங்கவே, அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைத் தளர்த்திப் போர்த்துக்கொண்டு, வழக்கம்போல் தோப்புக்குப் போனாள். தேனீக்கள் உடன் போயின.

ஊரார் ஒரு பொழுது வியந்தனர். மனிதன் வியப்பை நெடுநேரம் சுமக்கமாட்டாதவன். விளங்காத ஒன்றைக் கண்டால் முதலில் அதன் விலையைக் கேட்பான். விலை கிடைக்காவிட்டால் பயனைக் கேட்பான். பயனும் இல்லையென்றால் கத்தியைத் தேடுவான். முதலமடையில் இம்மூன்றும் இதே வரிசையில் நிகழ்ந்தன.

பூவைப் பார்த்துக் காயை மதிப்பிட்டுத் தோப்பைக் குத்தகைக்குப் பேசுவது இப்பக்கத்து வழக்கம். மொட்டு விரிந்ததும் வியாபாரி மரங்களுக்கிடையே நடப்பான், அண்ணாந்து பார்ப்பான், தொகை சொல்வான். மூவாற்றுப்புழையிலிருந்து ஆண்டுதோறும் வரும் ஜினோ, கமலாத்தாளையும் அண்ணாந்து பார்த்தான். அவள் அவனைவிட ஒரு சாண் குள்ளம் என்பது அவனைத் தடுக்கவில்லை.

"சேச்சி, இதுல எத்தர காய் நிக்கும்?"

"மரத்தைப் பாரு சாமி. நான் குத்தகைக்கு இல்லை."

விலை இவ்வாறு முடிந்தது. பயனைக் கேட்டவன் அவளுடைய அண்ணன் மகன் பூபதிராஜா. அவளுக்குப் பின் அந்தத் தோப்பு அவனுடையது. ஆகவே தோளில் பூத்ததும் தனக்குரியதே என்பது அவன் வாதம். "ஏனுங்க அத்தை, பூத்ததைச் சும்மா உதிர உடறதுங்களா? ரெண்டு தரம் மருந்தடிச்சாப் பிஞ்சு நிக்குமுங்க" என்றான். அந்த மருந்து பட்டு ஆட்களின் புறங்கை உரிந்ததை அவன் கண்டிருக்கிறான். கழுத்திலும் தோளிலும் பட்டால் என்னாகும் என்பதை அவன் சொல்லவில்லை; மற்றவர்களும் கேட்கவில்லை.

லாரிகளில் மாங்காய் ஏற்றும் கொட்டகையில் ஊர் கூடியது. மருந்தடிக்க இசையவேண்டும், இல்லையேல் கத்தரித்துவிடவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தனர். ஒன்றுக்கும் உதவாத பூ ஊருக்கு ஆகாதாம். பக்கத்துத் தோப்புக்காரி காளியாத்தாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "வயித்துலதான் ஒண்ணும் நிக்கலை, தோள்லயாச்சும் நிக்கட்டுமே!"

சிலர் சிரித்தனர். கமலாத்தாளுக்கு அந்தச் சிரிப்பு புதிதன்று. மணமான மறு ஆண்டிலிருந்து கல்யாண வீடுகளிலும் காதுகுத்துகளிலும் அவளைப் பின்தொடர்ந்து வந்த சிரிப்பு அது. நீ எதற்கு இருக்கிறாய் என்பதுதான் அதன் பொருள். இத்தனை காலம் தலைகுனிந்து அதைக் கடந்தவள், அன்று எழுந்து நின்றாள்.

"ஏ காளியாத்தா, நீ பெத்ததெல்லாம் எதுக்குன்னு நான் ஒரு நாளாச்சும் கேட்டிருப்பனா? பூத்திருக்குது, அவ்வளவுதான். காய்க்கறதுக்குத்தான் பூக்கோணும்னா, நீங்க பொறந்தன்னைக்கே உங்கம்மாகிட்ட ஒரு யாவாரி வந்து நின்னிருக்கோணும். வந்தானா?"

பூபதிராஜா கொட்டகையோரம் வைத்திருந்த மருந்தடிக்கும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்து முடுக்கினான்.

அவள் ஓடவில்லை, நடந்தாள். மலைக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வரும் காற்று அப்போது எழுந்திருந்தது. தோப்புக்காரர்கள் திட்டித் தீர்க்கும் காற்று அது. ஒரே வீச்சில் பூவையெல்லாம் உதிர்த்துவிடும். கமலாத்தாள் நேரே கொட்டகையை ஒட்டிய ஏரிக்கரை மேட்டில் ஏறினாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரு கைகளையும் விரித்தாள். காற்றுக்கு எதிரே நின்றாள். ஒரு பூவும் மிஞ்சவில்லை. அவை லாரிகளின் மேலும், பெரியவர்களின் வழுக்கைகளின் மேலும், காளியாத்தாளின் வெற்றிலைப் பெட்டியிலும் விழுந்தன. குழாயைப் பிடித்தபடி பின்னால் வந்த பூபதிராஜாவின் கண்ணும் வாயும் பூவால் அடைபட்டன. அவன் குழாயைக் கீழே போட்டான். மேட்டின்மேல் அவள் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை ஊர் அன்றுதான் கேட்டது.

அதன்பின் ஒவ்வொரு மார்கழியிலும் அவள் பூத்தாள். தை பிறந்ததும் மேட்டில் ஏறிக் காற்றுக்குக் கொடுத்தாள். ஒரு பிஞ்சுகூடப் பிடித்ததில்லை. கொல்லங்கோட்டுப் பேருந்தில் மார்கழியில் மட்டும் தேனீக்களுக்காக அவளருகே ஓர் இருக்கையைக் காலியாக விட்டனர். ஜினோ மரங்களை அண்ணாந்து பார்த்து வரும்போது, அவள் நின்றால் ஒதுங்கி வழிவிட்டான். மாலைகளில் காளியாத்தாள் வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள், வாசனைக்கு என்பாள்.

சென்ற மார்கழியில் பூபதிராஜா தலைப்பாகையைக் கழற்றாமலே திரிந்தான். இரவிலும் அதோடுதான் படுத்தான் என்று அவன் மனைவி நர்மதா சொன்னாள். ஒரு காலை அவன் அத்தையின் வீட்டு வாசலில் வந்து நின்று, துணியை ஓரமாக விலக்கிக் காட்டினான். இடக்காதின் மேல் செந்தளிர் ஒன்றும் அதன் நுனியில் மொட்டும் இருந்தன.

"அத்தை, இது காய்க்குமுங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"தலப்பாயைக் கழட்டு கண்ணு. வெயில் படட்டும்."

அவன் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். அன்று தோப்பில் வேலை மிகுதி, இருவரும் புறப்பட்டனர். தேனீக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து உடன் போயின.