கருவரிக் கெண்டைக்கு மூன்று ஆட்சேபணைகள்

பெரிய சகலை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றார். சின்னச் சகலை கரையில், துடைத்து மினுக்கிய ஷூவோடு நின்றார். ஒரே வீட்டில் பெண் எடுத்த இந்த இரண்டு பேரும் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. மாமனார் இறந்த அன்று பெரியவர் எழுதிக் கொடுத்த இரங்கல் நோட்டீசில் வயது ஒன்று குறைந்துவிட்டது. உடலைத் தூக்கப்போகிற நேரத்தில், அத்தனை கூட்டத்துக்கும் நடுவே, சின்னவர் அதைப் பேனாவால் திருத்தி உரக்கப் படித்தும் காட்டினார். திருத்தம் சரிதான். சரியாக இருந்ததுதான் பெரியவருக்கு இன்றுவரை ஆறவில்லை. அன்றோடு அக்காவும் தங்கையும்கூடப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பெரியவருக்கு ஆற்று மீன்களைக் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் வேலை. சின்னவர், இந்த மடுவை மண்ணடித்து மூடப்போகிற கம்பெனியில் ஒப்பந்தத் தாள்களைச் சரிபார்க்கிறவர். மடுவில் கருவரிக் கெண்டை என்ற அரிய மீன் இருந்தால் மூடக்கூடாது. இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் லாரிகள் வந்துவிடும். அந்த மீனை ஏழு வருடமாக யாரும் பார்க்கவில்லை, கணக்கெடுப்புக்கோ இன்றுதான் கடைசி நாள். கம்பெனி ஆள் ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அனுப்புவதற்கு அவர்களுக்கு இந்த ஆள்தான் கிடைத்தான்.

"வலை காலியாத்தான் வரப்போகுது. எதுக்கு சார் சும்மா ஊறிக்கிட்டு?" என்றார் சின்னவர். சொந்தச் சகலையை 'சார்' என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சுகம்.

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. சத்தத்துக்கு மீன் ஒதுங்கிடும்."

"இல்லாத மீன் எங்க ஒதுங்கும்?"

நாலு மணிக்கு வலை கனத்தது. பெரியவர் மெல்ல இழுத்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், தேன் நிறம், விலாவில் கறுப்புக் கோடுகள். இருபத்தாறு வருட வேலையில் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்தது, இப்போது அவர் கைக்குள் துள்ளியது. அழுகையே வந்துவிட்டது. கரையில் அவன் நிற்கிறானே என்று விழுங்கிக்கொண்டார்.

மீனைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, அளந்து, படிவத்தில் எழுத வேண்டும். கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்ட பிறகு, உயிரோடு ஆற்றில் விட வேண்டும். முன்பு யாரோ பழைய படத்தைக் காட்டி ஏமாற்றியதிலிருந்து படம் செல்லாது. மீன் செத்தால் அந்தக் கணக்கும் செல்லாது, பெரியவரால் இனி ஆற்றில் வலை போடவும் முடியாது.

பெரியவர் அவசர அவசரமாக எழுதி, அட்டையோடு படிவத்தை நீட்டினார். சின்னவர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிறகு பேனாவைத் திறந்தார்.

"நீளம் முப்பத்தெட்டுனு எழுதியிருக்கீங்க. வால் நுனி அளவுகோல் கோட்டைத் தொடவே இல்லையே. முப்பத்தேழரை."

"சரி, முப்பத்தேழரை. போடுங்க கையெழுத்தை."

"இருங்க. ஆட்சேபணைக்குன்னு தனி இடம் இருக்கு." குண்டு குண்டாக எழுதினார். கீழே நேரம் போட்டார், சுருக்கொப்பமும் இட்டார். "கோடு ஆறுன்னு போட்டிருக்கீங்க. இடது பக்கம் ஏழு இருக்கே. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுங்க சார்."

"தொட்டித் தண்ணி சூடாகுது. மீன் திணறுது, பாருங்க!"

"தப்பான தாள்ல கையெழுத்து போடற பழக்கம் எனக்கு இல்ல. எடையைத் திரும்பப் போடுங்க."

எடையைத் திரும்பப் போட்டார்கள். இருபது கிராம் வித்தியாசம். அதையும் எழுதி, நேரமும் ஒப்பமும் போட்டு, சின்னவர் நிதானமாக நிமிர்ந்தார். மீன் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது, செவுள் எப்போதோ ஒருமுறை திறந்தது. அந்த ஆளைத் தூக்கித் தண்ணீரில் அமுக்கிவிடலாமா என்றிருந்தது பெரியவருக்கு.

கையெழுத்துக்குக் காத்திருந்தால் மீன் போய்விடும். விட்டால் சாட்சி போய்விடும். "நாசமாப் போ!" என்று தொட்டியோடு ஆற்றில் இறங்கினார். மீனை நீரோட்டத்துக்கு எதிராக, இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்து இல்லாம விட்டா கணக்குல வராது, தெரியுமில்ல?" கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "அன்னிக்கு மாமா வயசு, இன்னிக்கு மீனு. ஒரு தாளாவது ஒழுங்கா எழுதியிருக்கீங்களா?"

பெரியவரால் கையை எடுக்க முடியாது, எடுத்தால் மீன் கவிழும். பத்து நிமிடம் அத்தனை ஏச்சையும் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார். செவுள் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. திடீரென்று வாலால் மணிக்கட்டில் ஒரு அடி கொடுத்துவிட்டு மீன் மடுவுக்குள் இறங்கிப் போனது.

தோற்றுவிட்டோம் என்ற கசப்போடு கரையேறினார். அட்டை பாறைமேல் கிடந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தார். கண்கள் தம் பாட்டுக்கு வாசித்தன. 'கருவரிக் கெண்டையின் நீளம் முப்பத்தேழரை. இடப்பக்கக் கோடுகள் ஏழு. எடை அறுநூற்று எண்பது கிராம்.' மூன்றுக்கும் கீழே கம்பெனி ஆளின் நேரமும் ஒப்பமும் பளிச்சென்று இருந்தன. இல்லாத மீனுக்கு யார் இவ்வளவு துல்லியமாக அளவு சொல்வார்கள்?

பெரியவர் நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே சின்னவருக்கும் உறைத்துவிட்டது.

"அண்ணே," என்றார். மூன்று வருடத்தில் முதல் தடவை. "அதை இப்படிக் குடுங்க. இது ஆபீசுக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும்."

பெரியவர் அட்டையை எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டார். "கையெழுத்துக் கட்டம் காலியாத்தான் இருக்கு. ஆட்சேபணை மூணுதான். படிச்சுப் பாருங்க. நீங்க எழுதினதுல எதாவது தப்பு இருக்கா?"

சின்னவர் நின்ற இடத்திலிருந்தே எக்கிப் படித்தார். உதடு அசைந்தது. 'தப்பு' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மற்றதைப் பிறகு வாதாடிக்கொள்ளலாம். அது அவருக்கும் தெரியும்.

"இல்ல," என்றார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

பெரியவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். மச்சினியின் குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்று தெரியும். இனி இரண்டு வீடும் ஒட்டவே ஒட்டாது என்பதும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதை அந்த ஆளிடம் அவர் மறைக்கவும் இல்லை.