பதினேழாம் பேட்ச்

காலை பதினொன்றரைக்கு, ஷெட்டில் வேலை செய்யும் ஆராயி வாயிலிருந்ததைக் கையில் துப்பிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, இது கசக்குது."

"பாகு தீஞ்சிருக்கும்," என்றாள் திரௌபதி.

"பாகு இல்லக்கா. கடலை."

திரௌபதி மூட்டையின் அடியில் மிச்சமிருந்த பச்சைக் கடலையில் ஒரு கை அள்ளி ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாய்ப் பிளந்தாள். ஏழாவது கடலையின் இரண்டு பருப்புக்கும் நடுவே பச்சையாகப் பூசணம். பதினொன்றாவதிலும் அப்படியே. அதற்கு மேல் அவள் பிளக்கவில்லை.

அன்று ஆவணிப் பௌர்ணமி. அந்தக் கடலையில் போட்ட மிட்டாய் இருநூற்று நாற்பது பாக்கெட், முந்தின நாளே கிரிவலப் பாதையில் இருபத்திரண்டு கடைக்குப் போயாகிவிட்டது.

அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு அவள் தொழில் தொடங்கி ஐந்து மாதம்தான். திருவண்ணாமலை டவுனில் ஒரு கல்லூரி பெண்களுக்காக நடத்திய தொழில் முனைவோர் பயிற்சியில் இருபது நாள் உட்கார்ந்து எழுந்தவள். பயிற்சி முடித்த ஒவ்வொருத்திக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு மாணவியைத் துணைக்கு அனுப்பினார்கள். திரௌபதிக்கு வந்தவள் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கும் பூஜா. பாக்கெட்டில் பேட்ச் நம்பர் ஒட்ட வைத்ததும், எந்த நம்பர் எந்தக் கடைக்குப் போனது என்று நோட்டுப் போட்டதும் அவள்தான். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

பூஜா அன்றைக்கு நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வந்தாள். மூன்று மணிக்கு வங்கியிலிருந்து ஃபீல்டு ஆபீசர் ஷெட்டைப் பார்க்க வருகிறார். அவர் திருப்தியாக எழுதிக் கொடுத்தால்தான் வறுக்கிற மெஷினுக்கு லோன்.

திரௌபதி பிளந்த கடலையை அவள் முன்னால் நீட்டினாள். பூஜாவின் முகம் வெளிறிப்போனது.

"பதினேழாம் பேட்ச் மொத்தமும் இதுதான். திருப்பி எடுக்கணும்," என்றாள் திரௌபதி.

"இன்னிக்கேவாக்கா? மூணு மணிக்கு ஆபீசர் வர்றாரே. அவரு பாத்துட்டுப் போனப்புறம் போலாம்."

"அதுக்குள்ள கூட்டம் வந்துடும். வாங்கித் தின்னுட்டுப் போயினே இருப்பாங்க. பூசணக் கடலை ஈரலக் கெடுக்கும்னு உங்க கிளாஸ்லதான சொன்னாங்க?"

திரௌபதி ஆராயியிடம் திரும்பினாள். "ஆபீசர் வந்தா உக்கார வை. சரக்கு கெட்டுப்போச்சு, திருப்பி எடுக்கப் போயிருக்காங்கன்னு இருக்கறத சொல்லு."

தசரதன் ஆட்டோவை வாசலில் திருப்பி நிறுத்தியிருந்தான். திரௌபதியின் புருஷன். டவுனுக்கும் ரமணாசிரமத்துக்கும் சவாரி ஓட்டுகிறவன். பௌர்ணமி அவனுக்கு வருமானமுள்ள நாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு மணிக்கு போலீஸ் ரோட்ட மறிச்சிடுவாங்க. சீக்கிரம் ஏறு," என்று மட்டும் சொன்னான்.

முதலில் நிருதி லிங்கம் பக்கம் போனார்கள். கடைக்குக் கடை அவள் இறங்கி, தன் வாயாலேயே சொன்னாள். "சரக்கு சரியில்லீங்க. நான் போட்டதுதான். குடுத்துடுங்க." சிலர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர், "இனிமே இந்தப் பக்கமே வராத," என்று பாக்கெட்டுகளை ஆட்டோவுக்குள் வீசினார். பூஜா நோட்டில் கோடு அடித்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது கடையைத் தாண்டியதும் பூஜா நோட்டை மூடினாள்.

"அக்கா, அந்த மூட்டை நனைஞ்சிருந்தது எனக்குத் தெரியும்."

திரௌபதி திரும்பிப் பார்த்தாள். போன திங்கட்கிழமை அவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருந்தாள். மண்டிக்குப் போய்க் கடலை எடுத்து வந்தவள் பூஜா.

"வழக்கமா எடுக்கற மண்டியில வெல ஜாஸ்தியா இருந்துது. வேற ஒருத்தர் கம்மியா குடுத்தாரு. மழையில லேசா நனைஞ்சுது, வெயில்ல போட்டா சரியாப்பூடும்னாரு. காலேஜுக்குக் குடுக்கற ரிப்போர்ட்டுல லாபம் கூடக் காட்டலாம்னு எடுத்துட்டேன்."

தசரதன் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தான். இந்தப் பெண்ணை இப்படியே ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் திரௌபதிக்குத் தோன்றியது. பிறகு அன்று சாயங்காலம் அதே மூட்டையைத் தானே அவிழ்த்ததும், ஆபீசர் நினைப்பிலேயே உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் வாணலியில் கொட்டியதும் நினைவுக்கு வந்தது.

"அடுத்த கடை எது?" என்றாள்.

பூஜா நோட்டைத் திறந்தாள்.

குபேர லிங்கத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாயிரத்தின் கடைக்கு வந்தபோது ஒன்றே முக்கால். அதுதான் கடைசிக் கடை. அதுவரை போன கடைகளில் ஒரு பாக்கெட்டும் விற்றிருக்கவில்லை. பன்னிரண்டு பாக்கெட் கொடுத்த இடத்தில் நாலுதான் இருந்தது.

"எட்டு வித்துப்போச்சும்மா," என்றார் கண்ணாயிரம். "இஸ்கூலு பசங்க. ஒரு டீச்சரம்மா மொத்தமா வாங்கினாங்க. இப்பத்தான் போறாங்க."

ஆட்டோ இருநூறு அடிகூடப் போகவில்லை, போலீஸ்காரர் கையைக் காட்டினார். இரண்டு மணிக்கு முன்பே தடுப்பை இழுத்து வைத்தாகிவிட்டது. திரௌபதி இறங்கி ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். தார் சுட்டது. பின்னால் பூஜா மூச்சிரைக்க வருவது கேட்டது.

புளிய மரத்தடியில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கொன்றாய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் பாதி தின்றுவிட்டிருந்தாள்.

"தின்னாதீங்க. கீழ போடுங்க," என்றாள் திரௌபதி.

டீச்சர் எழுந்தார். "நீங்க யாரு?"

"இந்த மிட்டாய் போட்டவ. கடலையில பூசணம் இருக்குங்க."

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேசிய பேச்சு பாதையில் போனவர்களையெல்லாம் நிற்க வைத்தது. பிள்ளைங்க உயிரோட விளையாடுறீங்களா, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா உங்கள விடமாட்டேன், கலெக்டர் ஆபீசுக்கே எழுதுவேன் என்றார். பூஜா முன்னால் வந்து, "கடலை வாங்கினது நான்," என்றாள். டீச்சர் அவளையும் விடவில்லை.

எத்தனை பேர் தின்றார்கள் என்று கேட்டதில் ஆறு பிள்ளைகள் கை தூக்கினார்கள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தன் பெயர், விலாசம், ஊர் எஸ்.டி.டி. பூத்தின் நம்பர் எல்லாம் எழுதி டீச்சரிடம் கொடுத்தாள் திரௌபதி. "யாருக்காவது வயித்த வலிச்சா, வாந்தி எடுத்தா உடனே டாக்டராண்ட காட்டுங்க. எனக்கும் சொல்லுங்க. எங்க கூப்ட்டாலும் வர்றேன்."

டீச்சர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். திட்டுவதை நிறுத்தியிருந்தார்.

ரோடு மறித்திருந்ததால் நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது நாலரை. ஆபீசர் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார். "சொன்னேங்கா," என்றாள் ஆராயி. "கேட்டுக்கினாரு. ஒண்ணும் சொல்லல."

சனிக்கிழமை போனது. ஞாயிறும் போனது. பூத்துக்காரப் பெண் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் திரௌபதி எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள். சோறு இறங்கவில்லை. பாக்கெட்டுகளையெல்லாம் தசரதன் குழி தோண்டிப் புதைத்தான். செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. ஆறு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். வேறொன்றும் பேசாமல் வைத்துவிட்டார். பூத்தின் மரப்பலகையில் உட்கார்ந்து திரௌபதி கொஞ்ச நேரம் அழுதாள்.

லோன் அந்த வருஷம் கிடைக்கவில்லை. ஆய்வின்போது உரிமையாளர் இல்லை, சரக்குத் தரத்தில் குறை என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். இருபத்திரண்டு கடையில் பதினாலு கடைதான் அதன்பிறகும் அவளிடம் சரக்கு எடுத்தது.

பௌர்ணமிக்கு அடுத்த வாரம் பூஜா ரிப்போர்ட்டோடு வந்தாள். அதில் திரௌபதியின் கையெழுத்து வேண்டும். நனைந்த மூட்டையை யார் வாங்கியது, ஏன் வாங்கியது என்பது மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"இத எழுதினா உனக்கு மார்க் கொறையாதா?"

"கொறையுங்கா."

திரௌபதி பேனாவை வாங்கினாள். "மூட்டைய அவுத்துப் பாக்காம வறுத்தது நான். அதையும் சேத்து எழுது. அப்புறம் போடறேன் கையெழுத்து."

பூஜா தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். உள்ளே பதினெட்டாம் பேட்சுக்குக் கடலை பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஆராயி, இது நல்லாக் கீதுக்கா என்று குரல் கொடுத்தாள்.