வாசலுக்கு வந்த மண்

பழைய ராணுவ முகாமில் விமான எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றுவது அவன் வேலை. அன்று வீடு திரும்பினால், பள்ளமாய்க் கிடந்த வாசல் மேடாகியிருந்தது. மனைவி வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"என் தம்பி உங்க முகாமுக்குத்தானே லாரி ஓட்டுறான்? அவ்வளவு தூரம் போய்க் கொட்டுறதுக்கு அக்கா வீட்டுக்காவது ஆகட்டும்னு கொட்டிட்டுப் போனான்."

ஒரு பிடி அள்ளி மோந்தான். அதே எண்ணெய் நாற்றம்.

"அடிப்பாவி, பக்கத்துல கிணறு இருக்குடி! மழை பெஞ்சா தண்ணியெல்லாம் விஷம்!"

"உங்களுக்குச் சோத்துலயும் அந்த நாத்தம்தான். கால் கழுவிட்டு வாங்க."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முகமூடியும் கையுறையும் முகாமில் பூட்டிக் கிடந்தன. வெறுங்கையாலேயே மண்வெட்டியை எடுத்தான். அள்ளி எங்கே கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.