வரைபடத்தில் இல்லாத குழாய்

குடிநீர் ஆபீசில் ஊர்க் குழாய்களுக்கு வரைபடம் என்று ஒன்று இல்லை. ஆபீஸ் இடம் மாறியபோது தொலைந்தது; யாரும் தேடவுமில்லை. வாந்தி பேதி என்று ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடத் தொடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் கண் திறந்தது. பூமிக்கடியில் இரண்டு பெரிய குழாய்கள்: மேல் லைன், கீழ் லைன். கீழ் லைனில் சாக்கடை கலந்திருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த லைன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"தோண்டிப் பாக்க நேரமில்ல பிட்டர்" என்றாள் புது என்ஜினியரம்மா, ஆபீசில் குழாய் வேலை பார்ப்பவரிடம். "கீழ் வால்வை மூடுங்க. தெருவுக்கு நாலு வீட்டுல குழாயைத் திறந்து பாத்துச் சொல்லுங்க. மிச்சத்தை நான் வரைஞ்சுக்கிறேன்."

தண்ணீர் நின்றால் கீழ் லைன், நிற்காவிட்டால் மேல் லைன். பிட்டர் தெருத் தெருவாக நடந்து போனில் சொல்லச் சொல்ல, ஆபீஸ் சுவரில் ஒட்டிய வெள்ளைத்தாளில் கோடுகள் ஏறின.

கடைசியாகத் தங்கச்சியின் தெரு. மேல் லைன்தான். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன் "தண்ணி நூல் மாதிரி வருது அண்ணா" என்று அவள் மூக்கைச் சிந்த, பாசக்கார மனுஷர் கமுக்கமாகக் கீழ் லைனிலிருந்து ஒரு குழாய் இழுத்து அவள் வீட்டு இணைப்போடு சேர்த்துவிட்டார். எங்கிருந்து வருகிறது என்று அவளும் கேட்கவில்லை. வெளியே தெரிந்தால் அவருக்கு வேலை போய்விடும்.

அன்று அவள் வீட்டில் மட்டுமில்லை, பக்கத்து வீடுகளிலும் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் புத்தி எங்கே ஓடும்?

"எப்பவும் போலத்தான் வருது மேடம். மேல் லைன்" என்றார், வாய் கூசாமல்.

மறுநாள் கீழ் வால்வைத் திறந்துவிட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள்: கீழ் லைன் தண்ணீர் துவைக்க மட்டும்; மேல் லைன் தெருக்காரர்கள் தாராளமாகக் குடிக்கலாம். பிட்டர் தங்கச்சிக்கு மட்டும் போன் போட்டார். "காய்ச்சிக் குடு. ஏன்னு கேக்காத. யார்கிட்டயும் மூச்சு விடாத."

தன் குழாய் தங்கச்சி வீட்டோடு நின்றுவிடும் என்பது அவர் நினைப்பு. கீழ் லைனின் வேகத்துக்கு, அழுக்குத் தண்ணீர் அந்த வீட்டு வழியாகவே தெருக் குழாய்க்குள் ஏறியது. இருபது வருஷ அனுபவத்துக்கு இது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் தங்கச்சி மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு வயது, சரியான வாயாடி. குழாய் வேலையில் எப்போதும் நனைந்தே வரும் அவரை "மாமா பேன்ட் என்னைக்குக் காயும்?" என்று கேலி பேசுகிறவள். மறுநாள் காலையில் பேச்சு நின்றது. மதியம் மூச்சும் நின்றது.

என்ஜினியரம்மா போனில் கூப்பிட்டாள். "அந்தத் தெருவுல மட்டும் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில, பிட்டர். எங்கயோ ஒரு கோட்டை விட்டுட்டேன். என் தப்புதான்" என்றாள், அழாத குறையாக. அவர் போனை வைத்தார்.

தங்கச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் கிடந்தாள். "நான் காய்ச்சித்தான் குடுத்தேன் அண்ணா. விளையாடப் போன எடத்துல, பக்கத்து வீட்டுல குடிச்சிருக்கா. நீ சொன்னதை அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்புள்ள இருந்திருப்பா. நான்தான் கொன்னுட்டேன்."

"நீ இல்லம்மா" என்றார் பிட்டர்.

"நான் இல்லன்னா வேற யாரு?" அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு அண்ணா, வேற யாரு?"

அவர் சொல்லவில்லை.